சமையலறை அலமாரிகளை மாற்றுகிறோம்: பழைய பெட்டிகளை வைத்துக்கொள்ளலாமா?

தொடுவானம்

எங்கள் சமையலறை அலமாரிகளுக்கு 11 வயதாகிறது. மேல்வரிசைப் பெட்டிகள் இன்றும் அசையாமல் நிற்கின்றன. கதவுகளின் நிறம் மட்டும் மங்கியிருக்கிறது. கீழ்வரிசையின் கதை வேறு. சிங்குக்கு அடியில் இருக்கும் பெட்டியின் அடிப்பலகை, மழையில் நனைந்து காய்ந்த தடித்த புத்தகத்தைப் போல ஓரமெல்லாம் உப்பி விரிந்துவிட்டது. அதன் கதவு ஒன்று சென்ற வாரம் கீலோடு கையில் வந்துவிட்டது. வீட்டைப் புதுப்பிக்கும் வேலை எப்படியும் நடக்கவிருப்பதால் இதையும் சேர்த்து முடித்துவிட நினைக்கிறோம்.

வந்து பார்த்த இருவரில் ஒருவர், பெட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு கதவுகளை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். மற்றவரோ ஓர் ஆணிகூட மிஞ்சாமல் பெயர்த்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்கிறார். இருவரும் எங்களுக்குக் காட்டியவை கதவு மாதிரிகள் மட்டுமே: பளபளப்பான அக்ரிலிக், மங்கலான லேமினேட், வண்ணம் பூசியது என்று மேசை நிறைய அடுக்கினார்கள். பெட்டியை எந்தப் பலகையில் செய்வீர்கள் என்று நாங்களாகக் கேட்ட பிறகுதான் அதைப் பற்றிப் பேச்சே வந்தது.

சமையலறை ‘ட’ வடிவம் கொண்டது. ஒரு கை 3.2 மீட்டர், மற்றொரு கை 2.1 மீட்டர். என் உயரம் 178 செ.மீ., மனைவியின் உயரம் 152 செ.மீ. என்பதால் மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதிலும் வீட்டில் உடன்பாடு இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மரத்தூள்

தச்சு வேலையையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். வந்த இருவரும் பாதி சரி. உங்கள் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் ஒரே கேள்வியாகக் கேட்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியிலும் கீலைப் பிடித்திருக்கும் திருகுகளை மெல்ல முறுக்கிப் பாருங்கள். திருகு கடித்து நின்றால் அந்தப் பலகைக்கு உயிர் இருக்கிறது. முடிவில்லாமல் சுழன்றுகொண்டே இருந்து, வெளியே எடுக்கும்போது பழுப்புத் தூள் உதிர்ந்தால் அந்தப் பெட்டியில் புதுக்கதவைத் தொங்கவிடுவது வீண். 18 மி.மீ. கனமுள்ள எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) கதவு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 13.5 கிலோ எடை வரும், 600 மி.மீ. அகலமும் 720 மி.மீ. உயரமும் உள்ள ஒரு கதவே ஏறத்தாழ 6 கிலோ. அந்த எடை நாளுக்குப் பலமுறை ஆடுவதை அந்த நான்கு திருகுகள்தாம் தாங்க வேண்டும்.

மேல்வரிசை தேறினால், பெட்டியின் உட்பக்கச் சுவரில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 5 மி.மீ. விட்டமுள்ள துளைகள், முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 32 மி.மீ. இடைவெளியில் இருந்தால், இன்று விற்கும் கீல்களின் அடித்தகடுகள் பெரும்பாலும் அவற்றிலேயே பொருந்தும். அப்படியானால் மேலே கதவை மட்டும் மாற்றுங்கள். கீழே முழுவதையும் மாற்றுங்கள்.

கல்திண்ணை

மரத்தூள் அவர்கள் சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகள்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்ற பெயரே சமையலறைக்குள் வரக்கூடாது. பிளைவுட் என்று எழுதி வாங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மரத்தூள்

மன்னிக்க வேண்டும், அவ்வளவு எளிதாக முடிவதில்லை. பிளைவுட்டுக்குள்ளும் தண்ணீரைத் தாங்குவது உண்டு, தாங்காதது உண்டு. பெயரைவிட அதற்குள் இருக்கும் பசைதான் தீர்மானிக்கிறது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசை மலிவானது. ஈரமும் வெப்பமும் தொடர்ந்து பட்டால் அதன் பிணைப்பு சிதையும். மெலமின் கலந்த பசை அதைவிட மேல். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை கொதிநீரையே தாங்கும். உள்ளறைக்கான பிளைவுட் சிங்குக்கு அடியில் போனால் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். அதை நானே பலமுறை கழற்றி எறிந்திருக்கிறேன். ஈரம் தாங்கும் பார்ட்டிக்கிள் போர்டில் செய்து, விளிம்புகளைச் சரியாக மூடிய பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். பலகையின் வெட்டுமுகம் பச்சையாக இருந்தால் ஈரம் தாங்கும் என்பார்கள். அந்தப் பச்சை வெறும் சாயம். தயாரிப்பாளர் அடையாளத்துக்காகக் கலப்பது. சாயம் கலந்ததால் மட்டும் பலகைக்குத் தாங்கும் சக்தி வந்துவிடாது.

உண்மையில் தண்ணீர் பலகையின் முகத்தின் வழியாக நுழைவதே அரிது. முகத்தில் லேமினேட் இருக்கிறது. நுழைவதெல்லாம் விளிம்பு வழியாகத்தான். குழாய் போவதற்காகச் சிங்கு பெட்டியின் முதுகுப்பலகையில் வெட்டிய ஓட்டை, கீலின் கிண்ணத்துக்காகக் கதவில் குடைந்த 35 மி.மீ. குழி, கண்ணுக்குத் தெரியாது என்பதால் மூடும் பட்டை ஒட்டாமல் விட்ட அடிவிளிம்பு ஆகிய இவைதாம் வாசல்கள். ஆகவே வேலை செய்பவரிடம் கதவின் நிறத்தைக் கேட்பதற்கு முன், பெட்டியின் எந்தெந்த விளிம்புகளில் பட்டை ஒட்டுவீர்கள், குழாய் ஓட்டையின் வெட்டுமுகத்தை எதைக் கொண்டு மூடுவீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம்.

விடிகாலை

விளம்பரத் தாளை நம்புவதற்குப் பதிலாக நாங்கள் ஒரு காரியம் செய்தோம். விலை சொல்ல வந்தவர்களிடம், அவர்கள் பயன்படுத்தப் போகும் பலகையிலேயே உள்ளங்கை அளவில் ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்கினோம். விளிம்பு மூடாத அந்தத் துண்டுகளின் கனத்தைக் காலிப்பரால் அளந்து பென்சிலால் அதன்மேலேயே எழுதி, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு முழு நாள் அமிழ்த்தி வைத்தோம். துண்டுகள் மிதக்கும் என்பதால் மேலே ஒரு கல் வைக்க வேண்டும். மறுநாள் மீண்டும் அளந்தபோது முடிவெடுப்பது மிகவும் எளிதாக இருந்தது. துண்டு தர மறுத்த ஒருவரை அந்த மறுப்புக்காகவே பட்டியலிலிருந்து நீக்கினோம்.

இளந்தளிர்

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. புதிய அலமாரிகளிலிருந்து வரும் நெடி கண்ணை எரிக்கும் என்கிறார்கள். அதற்கும் இந்தப் பசைதான் காரணமா?

மரத்தூள்

ஆம், பெரும்பாலும் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடுதான். பலகையில் ‘இ1’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். சோதனை அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமுக்கு மேல் சேரக்கூடாது என்பது அந்தக் குறியின் பொருள். விளிம்புகளையும் திறந்த துளைகளையும் முழுமையாக மூடினால் நெடியும் குறையும். இங்கும் அதே விளிம்புதான். பொருத்திய பின் முதல் சில வாரங்கள் கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வையுங்கள்.

தொடுவானம்

திருகுகளைச் சோதித்துவிட்டேன். மேல்வரிசையில் எல்லாம் கடித்து நிற்கின்றன. துளைகளும் நீங்கள் சொன்ன அளவிலேயே இருக்கின்றன. கீழ்வரிசையில் சிங்குக்கு இருபுறமும் உள்ள மூன்று பெட்டிகளில் திருகு சும்மா சுழல்கிறது. ஆகவே கீழே முழுவதும் புதிது என்று முடிவாகிவிட்டது. அடுத்த கேள்வி: கீழே கதவுகளா, இழுப்பறைகளா? இழுப்பறைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்கிறார்கள்.

பழைய திண்ணை

எனக்கு 67 வயது. கதவு வைத்த கீழ் அலமாரியில் ஒரு பாத்திரத்தை எடுக்க நான் முதலில் குனிய வேண்டும், பிறகு மண்டியிட வேண்டும், பிறகு முன்னால் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தலையை உள்ளே நுழைக்க வேண்டும். இழுப்பறை வந்த பிறகு பாத்திரம் என்னிடம் வருகிறது. கதவின் பளபளப்புக்குக் கொடுப்பதை மிச்சம் பிடித்து இழுப்பறைக்குக் கொடுங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விடிகாலை

பெரியவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இழுப்பறை என்பது அது ஓடும் தண்டவாளம்தான். நாங்கள் ஆசையாக 900 மி.மீ. அகலத்தில் ஆழமான இழுப்பறை செய்து, கனமான பாத்திரங்களை எல்லாம் அதில் அடுக்கினோம். அதற்கு மாட்டியிருந்ததோ 30 கிலோ தாங்கும் தண்டவாளம். ஓராண்டில் முன்பக்கம் தாழ்ந்து, மூடும்போது கீழேயுள்ள இழுப்பறையின் தலையில் உரசத் தொடங்கியது. தண்டவாளத்தை மாற்றினால் போதும் என்று நினைத்தோம். புதிய வகைக்குப் பக்க இடைவெளி வேறாக இருந்ததால் பெட்டியையே திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. பந்து உருளைத் தண்டவாளத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. வேண்டும், அடியில் மறைந்து ஓடும் வகைக்கு அளவு வேறு. தண்டவாளத்தை முதலில் வாங்கி, அதை அளந்து பார்த்த பிறகே மரத்தை வெட்டச் சொல்ல வேண்டும் என்பதை இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

மரத்தூள்

முழுவதுமாக வெளியே வரும் தண்டவாளமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு மட்டும் வரும் வகையில், கடைசிக் கால் பங்கு இடம் பழையபடி இருட்டிலேயே கிடக்கும். சிங்குக்கு அடியில் மட்டும் கதவே இருக்கட்டும். அங்கே குழாய் கசிகிறதா என்று அவ்வப்போது எட்டிப் பார்க்க வேண்டும். இழுப்பறை இருந்தால் பார்க்க மாட்டீர்கள்.

கல்திண்ணை

மேடை உயரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. முழங்கையை மடக்கி நின்று, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கழித்தால் வருவது காய் நறுக்கும் உயரம். தொடுவானத்தின் வீட்டில் ஒருவருக்குச் சுமார் 80 முதல் 85 செ.மீ. வரையும், மற்றவருக்குச் சுமார் 97 முதல் 102 செ.மீ. வரையும் வரும். சராசரி எடுத்து 90 செ.மீ. வைத்தால் இருவருக்குமே வலிக்கும். அளவை எடுப்பதற்கு முன் யார் எந்த வேலையை எங்கே நின்று செய்கிறார் என்று பாருங்கள். நிலையான சமையலறை அலமாரிகளின் முன்னோடி என்று சொல்லப்படும் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926இல் வடிவமைத்த மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கியும் வேலையின் அசைவுகளைக் கவனித்துத்தான் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அறையில் எல்லாவற்றையும் அடக்கினார்.

தொடுவானம்

பாத்திரம் கழுவுவது நான், அடுப்பு அவருடையது. சிங்கு 2.1 மீட்டர் கையிலும் அடுப்பு 3.2 மீட்டர் கையிலும் வருகின்றன.

கல்திண்ணை

அப்படியானால் உங்கள் வழக்கு தீர்ந்துவிட்டது. சிங்கு இருக்கும் கையை 94 செ.மீ. உயரத்திலும், அடுப்பு இருக்கும் கையை 84 செ.மீ. உயரத்திலும் வைத்து, மூலையில் ஒரு படி விட்டுவிடுங்கள். கழுவும்போது கை வேலை செய்வது மேடையின் மட்டத்தில் அன்று, தொட்டியின் அடியில். அது மேடையைவிடச் சுமார் 20 செ.மீ. கீழே இருக்கும். சிங்கு சற்று உயரமாக இருப்பது உயரமானவருக்கு மட்டுமல்ல, யாருக்கும் நல்லதுதான்.

மரத்தூள்

நல்ல யோசனை. அந்த 10 செ.மீ. வித்தியாசத்தைப் பெட்டியின் கால்களை நீட்டிச் சரிக்கட்ட விடாதீர்கள். பெட்டியையே உயரமாகச் செய்யுங்கள். மி.மீ. கணக்கில், அடுப்புப் பக்கம் 100 கால், 720 பெட்டி, 20 கல்; சிங்கு பக்கம் 100 கால், 820 பெட்டி, 20 கல். கால்களை மறைக்கும் பலகை இருபுறமும் ஒரே உயரத்தில் ஓடும், கூடுதல் உயரம் உள்ளே இடமாகவும் கிடைக்கும். அந்தப் பலகையை 75 மி.மீ. அளவுக்காவது உள்ளே தள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் கால்விரல் நுழைய இடமின்றி மேடையிலிருந்து விலகி, முதுகை வளைத்து நிற்க நேரும்.

கதவுக்கும் ஒரு வார்த்தை. ஓவன் அடுப்புக்கு அருகில் மெம்பரேன் (மெல்லிய பிளாஸ்டிக் படலம்) ஒட்டிய கதவு வேண்டாம். வெப்பம் பட்டு ஓரத்தில் உரியத் தொடங்கினால் மீண்டும் ஒட்டாது. லேமினேட்டோ பூச்சோ எதுவானாலும் அங்கே சரி.

நடைவண்டி

பொருத்தும் வரிசையைப் பற்றி எச்சரிக்க வந்தேன். எங்கள் வீட்டில் அலமாரி போடுபவருக்கு அவசரம். தரை ஓடு பதிப்பவர் தாமதம். அதனால் கீழ்ப்பெட்டிகளை வெறும் தரையிலேயே நிறுத்தி, மேலே கல்லையும் போட்டு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். பிறகு முன்னால் மட்டும் ஓடு பதித்தார்கள். சாந்தும் ஓடுமாகத் தரை 25 மி.மீ. உயர்ந்தது. மூன்றாம் ஆண்டு இயந்திரம் பழுதானபோது அதை வெளியே இழுக்க முடியவில்லை. மேலே கல், முன்னால் ஓட்டின் விளிம்பு, நடுவில் அது சிறைப்பட்டுக் கிடந்தது. கால்களை முழுவதும் தாழ்த்தியும் பயனில்லை. கடைசியில் ஒரு வரிசை ஓட்டை உடைத்துத்தான் எடுத்தோம். அதே நிறத்தில் ஓடு மறுபடி கிடைக்கவில்லை.

மரத்தூள்

இது நான் அடிக்கடி காணும் தவறு. குழாயும் மின்கம்பியும் முதலில், தரை ஓடு அலமாரிகளுக்கு அடியிலும் சேர்த்து அடுத்தது, அதன் பிறகே அலமாரி.

பொருத்தும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். முதல் ஒரு மணி நேரம் யாரும் திருகு போடக்கூடாது. லேசர் மட்டம் மட்டும் எரிய வேண்டும். தரையில் எந்த இடம் மிக உயரமோ அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்துதான் பெட்டியின் உயரத்தை அளந்து சுவரில் கோடு இழுக்க வேண்டும். தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கினால் உயர்ந்த இடத்தை அடையும்போது பெட்டியை அறுக்க வேண்டி வரும்; உயர்ந்த இடத்திலிருந்து தொடங்கினால் மற்ற இடங்களில் காலை நீட்டினால் போதும். மூலைப்பெட்டியை முதலில் நிறுத்தி, இரு கைகளையும் அதிலிருந்து வளர்க்க வேண்டும். பக்கத்துப் பெட்டிகளைக் கிளாம்பு போட்டு இறுக்கி, முன்விளிம்புகள் விரலில் தட்டாமல் சமமான பிறகே ஒன்றோடொன்று திருக வேண்டும்.

மூலையில் இரு பெட்டிகளுக்கும் இடையே இடைவெளி விடும் நிரப்புப் பட்டை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஒரு கையின் இழுப்பறை மற்றொரு கையின் கைப்பிடியில் மோதி நிற்கும்.

கல்லுக்கு அளவு எடுப்பது பெட்டிகள் நின்ற பிறகுதான். வரைபடத்தைப் பார்த்து வெட்டச் சொல்லாதீர்கள். 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ. உங்கள் மேடைக்குச் சுமார் 150 கிலோ வரும். அது நேராகக் கால்களில் இறங்க வேண்டுமே தவிர, முதுகுப்பலகையில் தொங்கக்கூடாது. மேல்வரிசைப் பெட்டிகளையும் அன்றே ஒருமுறை கையால் தூக்கிப் பாருங்கள்; சுவரில் திருகைப் பிடித்திருக்கும் பிளக்கு ஆடினால் புதுக்கதவு மாட்டுவதற்கு முன் மாற்றிவிடலாம்.

தொடுவானம்

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வாளிச் சோதனையைச் செய்தோம். நான்கு துண்டுகளும் 18 மி.மீ. என்று சொல்லித் தரப்பட்டவை. ஒன்று 21 மி.மீ. வரை உப்பியது, விரலால் அழுத்தியபோது ஓரம் உதிர்ந்தது; ஃபீனால் பசையில் ஒட்டிய பிளைவுட் அரை மில்லிமீட்டர்கூட நகரவில்லை. கீழ்ப்பெட்டிகளை அதிலேயே செய்தோம். மேலே பழைய பெட்டிகள், புதிய எம்.டி.எஃப். கதவுகள். இழுப்பறைகளின் செலவை ஈடுகட்ட அக்ரிலிக்கைக் கைவிட்டு மங்கலான லேமினேட்டுக்கு வந்தோம்.

லேசரை வைத்தபோது தரை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு 14 மி.மீ. சரிந்திருப்பது தெரிந்தது. 11 ஆண்டுகளாக அதன்மேல் நடந்தும் எங்களுக்குத் தெரியாது. குழாய் ஓட்டையின் வெட்டுமுகத்தில் இரண்டு கை வார்னிஷ் பூசி, காய்ந்த பின் சிலிக்கோன் வைத்ததை நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். மூலையில் படி வைத்த மேடையைப் பார்த்து, வருபவர்கள் எல்லோரும் அளவு தவறிவிட்டதா என்று கேட்கிறார்கள். எங்கள் இருவரின் முதுகும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். மூலையை ஒட்டிய இழுப்பறை, எதிர்க்கை கதவின் கைப்பிடியில் உரசுகிறது. நிரப்புப் பட்டை 50 மி.மீ. வைத்தோமே?

மரத்தூள்

கதவின் கனம் 18. கைப்பிடி எவ்வளவு வெளியே நிற்கிறது?

தொடுவானம்

35 மி.மீ. வரைபடத்தில் இருந்த கைப்பிடி கிடைக்காததால் கடைசி நேரத்தில் மாற்றினோம்.

மரத்தூள்

18ஐயும் 35ஐயும் கூட்டினால் 53. மூன்று மில்லிமீட்டர் இடிக்கிறது. பட்டையைத் தொட வேண்டாம். அதைத் தொட்டால் கல் வரை அசையும். அந்தக் கதவின் கைப்பிடியை மட்டும் தட்டையானதாக மாற்றுங்கள்.

தொடுவானம்

20 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடியை இன்று மாட்டினோம். இழுப்பறை தாராளமாக வருகிறது. மற்றவற்றோடு அது பொருந்தவில்லை என்று மனைவி சொல்கிறார். எல்லாவற்றையும் அதே வகைக்கு மாற்றிவிடலாமா என்ற பேச்சு இரவு உணவின்போது தொடங்கியிருக்கிறது.